பதுளையில் ஒரு தலைவேட்டை

என்ன தொழில் செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் நான் மழுப்பிவிடுவேன். "ஆள் எடுக்கிற வேலை" என்பேன். அது பாதிப் பொய். வேலை தேடி அலைகிறவர்கள் எங்களுக்கு வேண்டாம். தானுண்டு தன் வேலையுண்டு என்று ஓரிடத்தில் நன்றாக இருப்பவரை மோப்பம் பிடித்துப் போய், ஆசை காட்டி, அங்கிருந்து கிளப்பி இன்னொரு முதலாளியிடம் சேர்ப்பதுதான் எங்கள் வேலை. ஊர் உலகமெல்லாம் இதைத் தலைவேட்டை என்கிறது. அந்தப் பெயரில் என் மனைவிக்கு ஒரு தனிச் சந்தோஷம். "எங்கே சாரைக் காணோம்?" என்று பக்கத்து வீட்டில் கேட்டால், "தலை வாங்கப் போயிருக்கார், வெள்ளிக்கிழமை வந்துடுவார்" என்பாள்.

சில வருஷங்களுக்கு முன்னால் இதே தொழில் விஷயமாக இந்தியாவின் வடகிழக்கு மலைப்பக்கம் போயிருந்தேன். அங்கே ஒரு கிராமத்தில் நெஞ்சு முழுக்கப் பச்சை குத்திய ஒரு பெரியவர் இருந்தார். அவருடைய இளவயதில் அந்த மலைகளில் நிஜமாகவே தலை வெட்டிக் கொண்டுவருவார்கள். என்னைக் கூட்டிப்போனவர் விளையாட்டாக, "இவரும் தலைவேட்டைக்காரர்தான்" என்று அறிமுகம் செய்தார். பெரியவர் சிரிக்கவில்லை. ஒரு தொழில்காரன் இன்னொரு தொழில்காரனை விசாரிப்பதைப் போல, "எடுத்த தலையை நீ என்ன செய்வாய்?" என்று கேட்டார்.

அவர்கள் என்ன செய்வார்கள் என்று அவரே சொன்னார். வெளியூர்த் தலை ஒன்று ஊருக்குள் வந்தால் நிலம் விளையும், வீடுகளில் பிள்ளை பிறக்கும். அதனால் தலைக்கு நல்ல மரியாதை உண்டு. அதன் வாயில் அரிசிக் கள்ளை ஊற்றி, "குடி. சாப்பிடு. உன் அம்மாவைக் கூப்பிடு, அப்பாவைக் கூப்பிடு, அண்ணன் தம்பியைக் கூப்பிடு. எல்லாரும் இங்கே வரட்டும்" என்று கெஞ்சுவார்களாம். ஒரு தலை வந்துவிட்டால் அது தன் சனத்தையும் இழுத்துக்கொண்டு வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஊர் திரும்பி ஆபீசில் இதைச் சொன்னேன். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தோம்.

போன ஆகஸ்டில் என்னை இலங்கைக்கு அனுப்பினார்கள். ஆப்பிரிக்காவில் புதிதாகத் தேயிலைத் தொழிற்சாலை கட்டிய ஒரு முதலாளிக்கு ஒரு டீமேக்கர் வேண்டும். பச்சைக் கொழுந்தை வாட்டுவதிலிருந்து மூட்டை கட்டுவது வரைக்கும் தொழிற்சாலைக்குள் நடக்கிற எல்லாவற்றுக்கும் பொறுப்பாளரை அங்கே டீமேக்கர் என்கிறார்கள். பதுளைக்கு மேலே, ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டமொன்றில் விஸ்வநாதன் என்று ஒருவர் இருக்கிறார், ஊவா மாகாணத்துத் தேயிலையில் அவர் கைக்கு ஒரு பெயர் உண்டு, அவரைத்தான் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு. தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

கொழும்பிலிருந்து மலை ஏறும் ரயிலில் எனக்கு ஜன்னலோர இருக்கைதான். ஆனால் ஜன்னலில் ஒரு வெள்ளைக்காரப் பையனின் கால்தான் தெரிந்தது. வாசலில், ஜன்னலில், இரண்டு பெட்டிக்கு நடுவில் என்று எங்கே பார்த்தாலும் தொங்கிக்கொண்டு போட்டோ எடுக்கிறார்கள். நம்மூரில் தொங்கினால் ரயில்வே போலீஸ் பிடிக்கும், இங்கே தொங்குவதற்கென்றே விமானம் ஏறி வருகிறார்கள். இறால் வடை விற்றுக்கொண்டு வந்தவர் மட்டும் யாருடைய காலையும் மிதிக்காமல் போய்வந்தார். பருப்பு வடைமேல் முழு இறாலைப் பதித்துப் பொரித்தது. நான் நான்கு தின்றேன். பண்டாரவளை தாண்டும்போது வயிறு என்னோடு பேச ஆரம்பித்தது.

பதுளைக்குச் சற்று முன்னால், எல்ல என்ற ஊரில் ரயில் படுத்துவிட்டது. எஞ்சினில் ஏதோ கோளாறு, இனி நகராது என்றார்கள். சுற்றுலாக்காரர்களுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. எல்லோரும் எல்லவுக்கு வந்தவர்கள்தான். பதுளைக்குப் போக வேண்டிய நாங்கள் கொஞ்சப் பேர், பிளாஸ்டிக் பைகளும் வாழைக்குலைகளுமாக பிளாட்பாரத்தில் நின்றோம்.

பஸ்ஸுக்கு நடந்த வழியில் தேயிலை ஓரமாக ஒரு வேடிக்கை. கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிடுவார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் போட்டோவுக்காக அந்தக் கயிற்றைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு நின்றாள். கூடைக்குச் சொந்தக்காரியான தமிழ்ப் பெண் பக்கத்தில் நின்று தோழியிடம், "அந்தப் புள்ளைக்கி தலைய நேரா வைக்கத் தெரியல. கயிறு வழுக்கிக் கழுத்துல விழுந்துரப் போவுது" என்றாள். அவளுக்கு உண்மையிலேயே கவலை. போட்டோ எடுத்தவன் அவளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னான்.

பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றேன். நடத்துநர் சிங்களத்தில் விடாமல் ஏதோ கத்திக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறார் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். "உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள ஒரு வீடே கட்டலாம்ங்கறாருங்க" என்றார். சென்னை பஸ்ஸில் இதே ஆளை நான் பார்த்திருக்கிறேன். பதுளையில் இறங்கியபோது சட்டையின் இரண்டு பட்டனைக் காணவில்லை.

மறுநாள் காலை ஸ்பிரிங்வெளிப் பக்கம் கிளம்பினேன். பஸ் பாதி மலையில் நின்றுவிட்டது. அந்தப் பயணத்தில் நான் ஏறிய பாதி வண்டிகள் சேர வேண்டிய இடம் வரைக்கும் சேரவில்லை. அங்கிருந்து ஒரு ஆட்டோ. ஓட்டியவர் பெயர் சுரேஷ், முப்பது வயதிருக்கும். அந்தத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில் பிறந்து, கொழும்பில் கடைகளில் நின்று, கட்டுப்படியாகாமல் திரும்பி வந்தவர். பேச்சு நிற்காது.

"அண்ணே இந்தியாவா? என்னா வெசயமா தோட்டத்துக்கு?"

வழக்கம்போல மழுப்பினேன். "ஆள் எடுக்கிற விஷயம்."

"எங்கண்ணே?"

"ஆப்பிரிக்காவுக்கு."

சுரேஷ் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "உங்களுக்கு எந்த ஊருண்ணே?" என்றார். முசிறி என்றேன். இறக்கிவிட்டபோது கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார். அந்த மௌனத்தை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

தொழிற்சாலை நான்கு மாடி, வரிசை வரிசையாக ஜன்னல். விஸ்வநாதன் வாசலில் நின்றார். ஐம்பது தாண்டியவர், ஒல்லி, வெளுத்த காக்கிக் காற்சட்டை. நான் வருவது அவருக்கு முன்கூட்டித் தெரியும். பல மாதங்களாகத் தொலைபேசியில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தோம் அல்லவா. மேல்மாடிக்குக் கூட்டிப்போனார். கொழுந்து பரப்பி வாடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக வந்த காற்று உதட்டை வெடிக்கவைத்தது. அதைக் கச்சான் என்றார். ஆடி ஆவணியில் அந்தக் காற்று அடித்தால்தான் ஊவாத் தேயிலைக்கு அந்த மணம் வருமாம்.

ஒரு கோப்பை சாயத்தண்ணி, அதாவது பால் இல்லாத வெறும் தேநீர் கொடுத்தார். நான் பால் கேட்டேன். அவர் முகம் கோணியது. ஆனாலும் மரியாதைக்காரர். "எடுத்தாரச் சொல்றேங்க சார்" என்றார். வேண்டாமென்று அப்படியே குடித்தேன். முதல் வாய் கசந்தது. அப்புறம் மூக்குக்குள் ஏதோ திறந்துகொண்டு, இறால் வடையின் பாவமெல்லாம் தீர்ந்த மாதிரி இருந்தது.

கீழே பெரிய எந்திரச் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல். அதற்குத் திருநீறும் குங்குமமும், முன்னால் காய்ந்த எலுமிச்சம்பழமும். "ரோதமுனி" என்றார் விஸ்வநாதன். ரோதை என்றால் சக்கரம். பழைய காலத்தில் சக்கரம் ஆளை இழுத்துவிடும், கையை எடுத்துவிடும். அது பசியோடு இருக்கிற முனி என்று இவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. கச்சான் தொடங்கும்போது ஒரு கிடா வெட்டி, தலையை அந்தக் கல்லின் முன்னால் வைப்பார்கள். தினமும் காலையில் டீமேக்கர்தான் சூடம் ஏற்றி எந்திரத்தைப் போட வேண்டும். எங்கள் ஊர் ஏரிக்கரையிலும் ஒரு கல் இருக்கிறது. தன் குடுமியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் தன் கழுத்தில் தானே வாளை வைத்திருக்கும் வீரன். ஊர் நன்றாக இருக்கச் சாமிக்குத் தலை கொடுத்தவனாம். எங்கள் பக்கத்துக்காரனிடம் வேட்டையே வேண்டாம், கேட்டால் கொடுத்துவிடுவான் என்று அப்பா கிண்டல் செய்வார். அதை விஸ்வநாதனிடம் சொன்னேன். அவர் மெல்லச் சிரித்தார்.

மத்தியானம் அவர் வீட்டில் சாப்பாடு. தொழிற்சாலைக்குக் கொஞ்சம் மேலே தோட்டம் கொடுத்த வீடு, நல்ல வீடு. அவர் மனைவி புவனேஸ்வரி கல்லில் ரொட்டி தட்டிப் போட்டார். தேங்காய்ப்பூ போட்ட கனத்த ரொட்டி, தொட்டுக்கொள்ள அரைத்த மிளகாய்ச் சம்பல். ஒன்று தின்றால் சாயங்காலம் வரைக்கும் தாங்கும். நான் மூன்றாவதில் இருக்கும்போது விஸ்வநாதன் பேசினார்.

"என் பெரிய மனக்கொற என்னான்னா சார், இந்த வீடு எனக்கில்ல. ரிட்டயரான அன்னிக்கி சாவியக் குடுத்துறணும். திரும்ப லயத்துக்குத்தான் போகணும், அங்கயும் ஒரு ரூம்பு, காம்பரா காலியா இருந்தாத்தான். நாலு தலமுறையா இந்த மலையில இருக்கோம். எம்பேர்ல ஒரு முழம் மண்ணு கெடையாது. ஹாலிஎலப் பக்கம் ஒரு துண்டு நெலம் விலைக்கி வருது. ஆப்பிரிக்காவுல ரெண்டு வருசம் இருந்தா அத வாங்கி ஒரு கூரையப் போட்டுருவேன்."

"அப்புறம் என்ன தயக்கம்?" என்றேன்.

"நான் போனா இந்த பேக்டரிய மூடிருவாங்க. தொர சொல்லிட்டாரு. புது டீமேக்கர் யாரும் இந்த மலைக்கி வர மாட்டேங்கறாங்க. கொழுந்த லொறியில ஏத்திக் கீழ வேற பேக்டரிக்கி அனுப்பிருவாங்க. இங்க உள்ள வேலை செய்யறவங்க பூராவும் நம்ம ஆளுங்க. மலையில ஏற்கனவே பேர் கொறச்சல்."

தொர என்றால் தோட்டத்து மேனேஜர். ஒரு நாள் வேலைக்கு அங்கே ஒரு பேர் என்று கணக்கு. பேர் விழுந்தால்தான் கூலி. தொழிற்சாலை மூடினால் அத்தனை குடும்பத்துக்கும் பேர் விழாது. இது எனக்குப் புதிதில்லை. நான் எடுத்த ஒவ்வொரு ஆளுக்குப் பின்னாலும் ஏதோ ஒன்று சரிந்திருக்கும். அதை நின்று பார்க்கிற மாதிரி இதுவரை எங்கேயும் உட்கார்ந்து ரொட்டி தின்றதில்லை, அவ்வளவுதான்.

புவனேஸ்வரி தட்டில் இன்னொரு ரொட்டி வைத்தார். "கூட்டிட்டுப் போறதுக்கு வந்தவங்க நெறையப் பேரு சார். கொண்டாந்து விட்டவங்க யாரும் இல்ல" என்றார். குரலில் கோபமே இல்லை. பிறகு கணவரைப் பார்த்து, "நீங்க போயிட்டா முனிக்கி யாரு சூடம் கொளுத்தறது?" என்று கேட்டார். விஸ்வநாதன் எழுந்து கை கழுவப் போய்விட்டார். ஒரு நாள் அவகாசம் கேட்டார், கொடுத்தேன்.

அடுத்த நாள் பதுளையில் வெட்டியாகச் சுற்றினேன். விகாரைக்கு வெள்ளை உடுத்திப் போகிறவர்கள், சந்தையில் தோட்டத்துப் பெண்களோடு நல்ல தமிழில் பேரம் பேசும் சிங்களக் கடைக்காரி, எங்கே பார்த்தாலும் கருவாட்டு வாசனை. சாப்பாட்டுக் கடையில் சோறு, பருப்பு, கங்குன் கீரை, கருவாட்டுப் பொரியல். நம்மூர்ச் சாம்பாரை நினைத்துக்கொண்டே இரண்டு முறை சோறு வாங்கினேன். எதிரே வழுக்கைத் தலையோடு ஒருவர் வந்து உட்கார்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்று, ஊர் திரும்ப மனமில்லாமல் பதுளையிலேயே தங்கிவிட்டவர்.

"இந்தியாவில இருந்து வந்தனீங்களோ? என்ன அலுவல்?"

அன்றைக்கு மழுப்ப எனக்குத் தெம்பில்லை. உள்ளதைச் சொன்னேன்.

"ஓ, ஆள் பிடிக்க வந்தனீங்கள்" என்றார். "குறை நினையாதேங்கோ. முந்தி உங்கட பக்கத்தில இருந்து இஞ்ச ஆள் பிடிச்சுக்கொண்டு வந்தது கங்காணிமார். காலமை பெரட்டில எத்தினை தலை வேலைக்கு நிக்குதோ, அத்தினைக்கும் கங்காணிக்குக் காசு. தலைக்காசு எண்டு அதுக்குப் பேர்."

பெரட்டு என்பது காலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்துவிடுவது. அந்தக் காலத்தில் ஒரு கங்காணி ஒரே ஒருவனைக் கூட்டிவந்தால் போதும், அவன் தன் தம்பியை வரவழைப்பான், தம்பி மச்சானை வரவழைப்பான் என்றும் சொன்னார். உங்கள் ஊர்க்காரர்கள் எப்படி என்று பேச்சை மாற்றினேன்.

"எங்கட ஆக்களும் மிச்சமில்லை. டொக்டர்மார், இஞ்சினியர்மார், எல்லாரும் லண்டனுக்குப் போயிட்டினம். ஆரும் மறிக்கேல்லை. நானே என்ர மகளை மறிக்கேல்லை." கையைக் கழுவிக்கொண்டு வந்து, என் இலைக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் விஸ்வநாதன் தொலைபேசியில் கூப்பிட்டார். "நாளைக்கிக் காலையில வாங்க சார். நேர்ல சொல்றேன்." குரலை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. சுரேஷின் ஆட்டோவையே வரச் சொன்னேன். அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

பெரட்டுக்களத்தில் கூட்டமாக இருந்தது. வேலைக்குப் பிரிக்கிற நேரம் போலிருக்கிறது என்று நினைத்துத் தாண்டிப் போகப் பார்த்தேன். சுரேஷ் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, அவரும் போய் வரிசையில் நின்றுகொண்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர்கள் துரைக்காக நிற்கவில்லை, எனக்காக நிற்கிறார்கள்.

தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள் ஒரு வரிசை, மலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள் ஒரு வரிசை. தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, இருப்பதில் நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். பெண்களுக்கு முன்னால் அவர்களை வேலை வாங்கும் கங்காணி நின்றார். மாரியாயி என்று பெயர், நாற்பது வயதிருக்கும், கையில் கம்பு.

"வாங்கய்யா. ஆள் எடுக்க வந்திருக்கீங்கன்னு சுரேசு சொல்லுச்சு. எல்லாரும் நிக்கிறோம். பாத்துக்கங்க" என்றார்.

வரிசையில் முதலில் நின்றவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஏன் காட்டுகிறார் என்று முதலில் விளங்கவில்லை. காப்புக் காய்த்த கை, வேலை செய்கிற கை என்று காட்டுகிறார். அவரைப் பார்த்து அடுத்தவர் காட்டினார். வரிசை முழுக்கக் கைகள் விரிந்தன. ஒருவர், "ஐயா முசிறியாமே, எங்களுக்கும் அந்தப் பக்கந்தாங்க. மதுரவீரன்தான் சாமி. ஊருக்குத்தான் வழி தெரியாது" என்றார்.

நான் ஒரு டீமேக்கருக்காக மட்டும்தான் வந்திருக்கிறேன் என்று சொன்னேன். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னேன்.

"ஒருத்தருக்காகவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?" என்றார் மாரியாயி. அவர் நம்பவில்லை. "டீமேக்கரய்யா போயிட்டா பேக்டரிய மூடிருவாங்க, தெரியுமில்ல? அப்ப அவரு ஆளுங்களையும் சேத்துத்தானே எடுக்கணும். கங்காணி தோட்டம் மாறினா அவரு ஆளுங்க பூராவும் கூடத்தான் போவாங்க. அதுதானுங்களே மொற."

அந்த முறை எப்போதோ செத்துப்போனது. அதைச் செய்த கங்காணிகளும் இல்லை. ஆனால் இவர்களுக்கு ஆள் எடுப்பது என்றால் அதுதான். தலைவன் ஒரு இடத்துக்குப் போனால் சனம் பின்னால் போகும். நான் வந்த நிமிஷத்திலிருந்து இவர்கள் என்னை வெறுப்பார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். கல்லெறிந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இப்படிக் கையை விரித்துக்கொண்டு நிற்பார்கள் என்று நினைக்கவே இல்லை. அவமானமாக இருந்தது.

தள்ளிப்போய் ஆபீசுக்குப் போன் போட்டேன். என் மேலதிகாரி பெங்களூரில் இருக்கிறார். இன்னும் நாலைந்து பேரையாவது சேர்த்து எடுக்க முடியுமா, வாட்டுகிறவர், அடுப்புக்காரர், யாராவது என்று கேட்டேன். "என்ன ஆச்சு உங்களுக்கு?" என்றார் அந்த அம்மாள். "கூலி ஆளெல்லாம் அங்கேயே கிடைப்பாங்க. தலை ஒண்ணுதான் கேட்டிருக்காங்க. கையெழுத்து வாங்கிட்டீங்களா?"

திரும்பி வந்து முடியாது என்றேன். விரித்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. மாரியாயி கம்பை எடுத்தார். "சரி, நேரமாச்சு, மலைக்கி நடங்க. லேட்டானா அரப்பேராக்கிருவாங்க" என்றார். பெண்கள் கொழுந்துச் சாக்குகளை எடுத்துக்கொண்டு நல்ல உடுப்போடேயே மலையேறினார்கள். சுரேஷ் ஆட்டோவுக்குள் போய் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விஸ்வநாதன் தொழிற்சாலை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். உள்ளே போனோம். முனிக்கு அன்றைக்குச் சூடம் ஏற்றியிருந்தார், கல்லின் முன்னால் கரி இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. மேஜையைத் துடைத்துவிட்டுக் காகிதங்களைக் கேட்டார். காட்டிய இடமெல்லாம் கையெழுத்துப் போட்டார்.

"நேத்து ராத்திரி வரைக்கும் போவேணாம்னுதான் இருந்தேன் சார்" என்றார். "காலையில அதச் சொல்லத்தான் உங்கள வரச் சொன்னேன். நம்ம சனம் விடாது, காலைப் புடிச்சுக்கும், அத மீறிப் போறதுக்கு எனக்குத் தைரியம் இல்லன்னு நெனச்சேன். அவங்க ஒருத்தராச்சும் போவாதீங்கன்னு சொல்லியிருந்தா இருந்திருப்பேன். ஒருத்தர்கூட சொல்லலையே. எல்லாரும் போறதுக்குத்தானே நின்னாங்க. இனி யாருக்காக நான் இங்க இருக்கறது?"

பேனாவை மூடி என்னிடம் கொடுத்தார். எனக்கு அழுகை வந்தது. கை குலுக்கி வாழ்த்துச் சொன்னேன். அதுவும் என் வேலையில் சேர்த்தி.

எங்கள் தொழிலில் கையெழுத்தான பிறகு ஆளை வெளியே அழைத்துப்போய் உபசரிப்பது வழக்கம். மறுநாள் விஸ்வநாதன் மருத்துவச் சோதனைக்காகப் பதுளைக்கு வந்தார். மத்தியானம் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப்போனேன். பொரித்த கோழியும் பியரும் சொன்னேன். அவர் குடிக்கிறவர் இல்லை, என் மரியாதைக்காக ஒரு கிளாஸ் என்றார். ஊற்றிக் கொடுத்தேன். ஹாலிஎல நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். தோட்டத்தில் துரையிடம் சொல்லியாகிவிட்டதாம், மாதக் கடைசியில் மூடுகிறார்களாம். எந்திரத்தைக் கழற்றி ஏலம் விடுவார்கள். ரோதமுனிக் கல்லை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

"சாப்பிடுங்க" என்றேன். அவர் சாப்பிட ஆரம்பித்தார். அப்போது, இத்தனை வருஷப் பழக்கத்தில், யோசிக்காமல் நான் கேட்டேன். ஒரு ஆளைப் பிடித்ததும் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி அது. எங்கள் ஆபீசில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள்.

"உங்களுக்குத் தெரிஞ்சவங்க, சொந்தக்காரங்க, உங்களை மாதிரி வேற யாராவது இருக்காங்களா?"

கேட்டு முடித்த பிறகுதான் அந்த மலைக்கிராமத்துப் பெரியவர் நினைவுக்கு வந்தார். ஆனால் விஸ்வநாதனின் முகம் மலர்ந்துவிட்டது. இந்த நான்கு நாளில் அவர் முகத்தில் நான் பார்க்காத வெளிச்சம். "கேட்டீங்களே சார், அந்த மனசு போதும்" என்று கையைத் துடைத்துக்கொண்டார். "என் மச்சான் ஒருத்தன் ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்துல சின்ன டீமேக்கரா இருக்கான். நல்ல கை. அப்பறம் எந்தம்பி, பண்டாரவளைப் பக்கம். அவனுக்கும் இதே வேலதான். அவங்கிட்ட ஒரு அடுப்புக்காரன் இருக்கான்..."

பெயர்களை ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் கைபேசியில் ஏற்றிக்கொண்டேன். அவர் கிளாஸ் காலியாக இருந்தது. மறுபடியும் ஊற்றினேன்.